கீமோ டோஸ் ஆளுக்கு ஆள் மாறுவதைக் கணினியில் எப்படிப் பிடிப்பது? விலகல் என்று எதை எண்ணுவது?

ஊதா மை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் தரவுப் பதிவு பார்க்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் புரட்டி எக்ஸெலில் ஏற்றுவோம். இப்போது கீமோ ஆர்டர் ஒரு மென்பொருளில், ரத்தப் பரிசோதனை இன்னொன்றில், கதிர்வீச்சு மூன்றாவதில் என்று எல்லாமே கணினிக்கு வந்துவிட்டன. அதனால் நிர்வாகத்தில், எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் ஒரு டாஷ்போர்டு கேட்கிறார்கள். புரோட்டோகாலிலிருந்து, அதாவது முன்பே வகுத்த சிகிச்சை முறையிலிருந்து, விலகிய சிகிச்சை எத்தனை சதவீதம் என்று மருத்துவர்வாரியாக ஓர் எண் வர வேண்டுமாம். அந்த எண்ணுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம்.

வெள்ளோட்டமாக ஒரே புற்றுநோய், ஒரே ஸ்டேஜ், ஒரே ரெஜிமென் (மருந்துத் திட்டம்) உள்ளவர்களை மட்டும் எடுத்தேன். இரண்டு மருத்துவர்கள். முதலாமவரிடம் பாதிப் பேருக்கு இரண்டாம் சைக்கிளிலேயே (இரண்டாவது மருந்துச் சுற்றிலேயே) டோஸ் குறைந்திருக்கிறது. இரண்டாமவர் ஏறக்குறைய யாருக்கும் குறைக்கவில்லை. கேட்டபடி கணக்குப் போட்டால் முன்னவர் சிவப்பு, பின்னவர் பச்சை.

மனசு கேட்கவில்லை. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். முதலாமவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். இதயம், சர்க்கரை, சிறுநீரகம் என்று ஏற்கெனவே ஏதாவது ஒன்று இருக்கிறது. குறைந்த டோஸில் என்றாலும் அவர்களில் அநேகம் பேர் ஆறு சைக்கிளையும் முடித்திருக்கிறார்கள். பச்சை வாங்கியவரிடம் சிலர் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வந்து படுத்திருக்கிறார்கள். நாலாவது சைக்கிளோடு நின்றுபோனவர்களும் உண்டு. அப்படி நின்றது என் கணக்கில் விலகலாகவே வரவில்லை. போடாத சைக்கிளுக்கு ஆர்டரே இல்லை, ஆர்டர் இல்லாததைக் கணினி எப்படி எண்ணும்?

டாஷ்போர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஒரே நோய்க்கு ஒரே கூரையின் கீழ் இவ்வளவு வித்தியாசம் இருப்பது பதினோரு வருடத்தில் எனக்கே இப்போதுதான் தெரிகிறது. ஆனால் எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது? இந்த வேலையைச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்தகத்து மணி

ஊதா மை மேடம், கோப்பைத் திறந்து பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் கீமோ கலக்கும் மருந்தகத்தில் பதினாலு வருடமாக இருக்கிறேன். என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

'டோஸ் குறைந்ததா, இல்லையா' என்று மட்டும் பார்க்காதீர்கள். டோஸோடு நாளையும் சேருங்கள். 21 நாளுக்கு ஒரு முறை, ஆறு சைக்கிள் என்றால் திட்டம் 126 நாள். ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் 90 சதவீத டோஸ் கொடுத்தீர்கள். வெள்ளை அணுக்கள் ஏறவில்லை என்று நடுவில் இரண்டு முறை, முறைக்கு ஒரு வாரம் என்று தள்ளிப்போட்டீர்கள். மொத்தம் 140 நாள் ஆகிவிட்டது. டோஸை மட்டும் பார்க்கும் டாஷ்போர்டு 90 என்று காட்டும், எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். நாளையும் சேர்த்தால் 126-ஐ 140-ஆல் வகுக்க வேண்டும், அது 0.9. அதை 0.9 டோஸால் பெருக்கினால் 81 சதவீதம். இதைத்தான் சார்பு டோஸ் செறிவு என்கிறோம்.

90-க்கும் 81-க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். மிலானில் போனடோனா குழுவினர் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின் சி.எம்.எஃப். என்ற மூன்று மருந்துக் கீமோ கொடுத்தவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1995-ல் வெளியிட்டார்கள். திட்டமிட்ட டோஸில் 85 சதவீதமாவது பெற்றவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. 65 சதவீதத்துக்கும் கீழே பெற்றவர்களின் நிலை, கீமோவே பெறாதவர்களின் நிலையிலிருந்து பெரிதாக மாறவில்லை. இன்றைக்கும் மருந்தகங்களில் 85 என்ற எண்ணைக் கோடாக வைத்திருப்பதற்கு மூலம் அதுதான்.

நின்றுபோன சைக்கிளைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் ஆர்டர் போடும்போதே 'திட்டமிட்ட சைக்கிள் எத்தனை' என்று ஒரு கட்டம் வையுங்கள். அதை நிரப்பாமல் ஆர்டர் போகக் கூடாது. அப்புறம் நாலோடு நின்றால் ஆறில் நாலு என்று தானாகவே வந்துவிடும்.

புள்ளிக்கோலம்

மணி சார் சொன்ன கணக்கு சரி. 85 பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. முழு டோஸையும் தாங்கியவர்கள் ஏற்கெனவே உடல் தெம்பு உள்ளவர்களாக இருந்திருக்கலாம். இடையில் நோய் முற்றியவர்களுக்குக் கீமோவை நிறுத்தியிருப்பார்கள், அவர்களும் 'குறைந்த டோஸ்' கூட்டத்தில்தான் சேர்வார்கள். ஆகவே டோஸ் குறைந்ததால் பலன் குறைந்ததா, உடம்பு முடியாததால் இரண்டும் குறைந்தனவா என்பதை அந்த ஒரு பகுப்பாய்வால் பிரிக்க முடியாது. குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கும் கீமோவில் அந்தக் கோட்டைக் கவனியுங்கள். வலியைக் குறைத்து நாளை நீட்டுவதற்குக் கொடுக்கும் கீமோவில் அதே கோட்டை வைத்துச் சிவப்பு அடித்தால் மருத்துவர் நோயாளியின் நலனுக்காகக் குறைத்ததையும் தப்பு என்று எழுதிவிடுவீர்கள். 'நோக்கம் என்ன' என்ற கட்டம் இல்லாத டாஷ்போர்டை நான் நம்பவே மாட்டேன்.

மேடம் சொன்ன இரண்டு மருத்துவர் ஒப்பீட்டுக்கு வருகிறேன். இந்த மாதிரி வேறுபாட்டை முதலில் வரைபடத்தில் போட்டுக் காட்டியவர்களில் ஜான் வென்பர்க் முக்கியமானவர். 1973-ல் அவரும் கிட்டல்சோனும் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே தொண்டைச் சதை அறுவை பல மடங்கு வேறுபடுவதைக் காட்டினார்கள். பிள்ளைகளின் தொண்டை ஊருக்கு ஊர் அவ்வளவு மாறுமா? மாறாது. மருத்துவர்களின் பழக்கம்தான் மாறியது. அதற்காக எல்லா வேறுபாடும் பழக்கத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. நோயாளியின் உடல்நிலையாலும் விருப்பத்தாலும் வருகிற வேறுபாடு இருக்கத்தான் வேண்டும். அதைக் கழித்துவிட்டு மீதி நிற்பதுதான் நாம் தேடுவது.

அப்புறம் சிறிய எண்கள். கீமோ போட்டு 30 நாளுக்குள் இறந்தவர்கள் விகிதத்தைப் பல இடங்களில் பார்க்கிறார்கள். எல்லா இடத்திலும் உண்மையான விகிதம் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நோயாளிகள் மட்டும் பார்த்த மருத்துவருக்கு, அவர்மேல் எந்தத் தவறும் இல்லாமலே, இரண்டோ அதற்கு மேலோ இறப்பு நேர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. டாஷ்போர்டு உடனே 10 சதவீதம், சிவப்பு என்று கத்தும். பட்டை வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புனல் வரைபடம் போடுங்கள். புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005-ல் இதை மருத்துவமனை ஒப்பீட்டுக்காக விளக்கி எழுதியிருக்கிறார். தற்செயலாக மட்டுமே எவ்வளவு மாறலாம் என்ற எல்லை அதில் புனல்போல் இருக்கும்: குறைந்த நோயாளிகள் உள்ள பக்கம் வாய் அகலமாக இருக்கும், எண்ணிக்கை கூடக் கூடக் குறுகும். புனலுக்கு வெளியே விழுகிற புள்ளியைப் பற்றி மட்டும் போய்க் கேளுங்கள்.

இங்கிலாந்தில் கீமோ பற்றிய தேசியத் தரவுத் தொகுப்பு ஒன்றை 2012-ல் தொடங்கினார்கள். அதை வைத்து, 2014-ல் சிகிச்சை பெற்ற 23,000-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளுக்கும் 9,000-க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கும் இந்த 30 நாள் கணக்கை மருத்துவமனைவாரியாக 2016-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய தொகுப்பிலேயே வயது, ஸ்டேஜ், நோக்கம் எல்லாவற்றையும் சரிக்கட்டித்தான் பேச முடிந்தது.

கடைசி பெஞ்ச்

நான் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சியில் இருக்கிறேன். இந்த இழையைப் படிக்கும்போதே கொஞ்சம் பயமாக இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர். புரோட்டோகால்படி முழு டோஸ் கொடுக்கலாம், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். கதவுவரை போவதற்குள் சுவரைப் பிடித்தார். என் பேராசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு முதல் சைக்கிளுக்கு முக்கால் டோஸ் எழுதினார். அவர் நன்றாகத் தாங்கினார் என்று தெரிந்ததும் இரண்டாவதில் ஏற்றினார். இதில் எந்த இடம் கணினியில் இருக்கிறது? முக்கால் என்ற எண் இருக்கிறது. சுவரைப் பிடித்தது இல்லை.

மருத்துவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வரும் என்றால் நாளைக்கு என்ன நடக்கும்? சிலர் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்க மாட்டார்கள். சிலர் கஷ்டமான நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நியூயார்க்கில் 1990-களில் இதய அறுவை மருத்துவர்களின் இறப்பு விகிதத்தைப் பெயரோடு வெளியிட்டபோது, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளைத் தவிர்க்கிறார்கள் என்ற கவலை பெரிதாக எழுந்தது. புற்றுநோயில் அது நடந்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊதா மை

டாக்டர், நீங்கள் சொன்ன சுவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெரியவரின் ஆர்டரில் 'நடை தளர்வு, முதல் சுற்று முக்கால், அடுத்ததில் பார்த்து ஏற்றலாம்' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு எல்லாமே புரிந்திருக்கும். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கிற எவருக்கும் புரியும்.

மீண்டவள்

நான் மருத்துவத் துறை இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடித்தவள். உங்கள் பேச்சுக்கு நடுவில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு வாரம் ஒரு முறை பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து, பன்னிரண்டு வாரம். ஐந்தாவது வாரத்திலிருந்து விரல் நுனியில் மரத்துப்போகத் தொடங்கியது. ஏழாவது வாரத்தில் சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆனது. பூட்டில் சாவியை நுழைக்கத் தடவித் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாரமும் டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். "நன்றாக இருக்கிறேன்" என்பேன். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்று பயம். ஒன்பதாவது வாரம் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் நழுவி விழுந்தது. பிடித்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மீதி மூன்று வாரத்தை நிறுத்தினார்கள்.

பிறகு என் கோப்பின் நகலை வாங்கிப் பார்த்தேன். எட்டு வாரமும் 'குறை ஏதும் இல்லை'. ஒன்பதில் 'சிகிச்சை நிறுத்தப்பட்டது'. உங்கள் டாஷ்போர்டில் என் டாக்டர் காரணமே இல்லாமல் திடீரென்று நிறுத்தியவராகத் தெரிவார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. கேட்கிற முறை வேறாக இருந்திருந்தால் நான் ஐந்தாவது வாரமே சொல்லியிருப்பேன். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்காமல் "பொத்தான் போட முடிகிறதா" என்று கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன். மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் இடது கை விரல்களில் பாதி உணர்வுதான்.

இரவுப்பணி

மீண்டவள் அக்கா, எழுதியதற்கு நன்றி. கீமோ வார்டு நர்ஸ் நான். நீங்கள் சொன்னது எங்கள் வார்டில் வாராவாரம் நடப்பது. மருத்துவரிடம் "நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னவர் ஊசி போடும்போது எங்களிடம் மெதுவாகச் சொல்வார், "டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று.

நீங்கள் கேட்ட மாதிரியான கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நோயாளியே நிரப்புவதற்காக ஒரு கேள்வித் தொகுப்பு செய்திருக்கிறது, 78 வகைப் பக்கவிளைவுகளுக்கு. மரத்துப்போதல் என்றால் எவ்வளவு கடுமை, அன்றாட வேலைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று தனித்தனியாகக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். அந்த ரெஜிமெனுக்கு வரக்கூடிய ஏழெட்டை எடுத்துப் போனில் அனுப்பினால் போதும்.

ஈதன் பாஷ் என்ற மருத்துவர் இதை ஆய்வாகவே செய்தார். நியூயார்க்கில் ஒரே மையத்தில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 766 பேர். ஒரு பகுதியினர் தங்கள் அறிகுறிகளைக் கணினி வழியே தாங்களே தெரிவித்தார்கள், கடுமையானால் நர்ஸுக்கு எச்சரிக்கை போனது. 2017-ல் வந்த முடிவு: அவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களுக்கு 26 மாதம். புது மருந்து எதுவும் இல்லை, கேட்டதும் உடனே கவனித்ததும்தான். பிறகு 52 மையங்களில் 1,191 பேரிடம் பெரிதாகச் செய்தபோது வாழ்க்கைத் தரமும் உடல் இயக்கமும் நன்றாக இருந்தன, ஆனால் ஆயுளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன், பாதியை மட்டும் சொல்லக் கூடாது. வலியும் வாந்தியும் குறைவதே எனக்குப் போதுமான காரணம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எச்சரிக்கை வந்தால் எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும். ஆள் போடாமல் செயலியை மட்டும் கொடுத்தால், இரவு எட்டு மணிக்கு 'மிகக் கடுமை' என்று அழுத்திவிட்டு அந்த அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மருந்தகத்து மணி

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. நாம் இதுவரை பேசியது, ஆர்டர் ஒன்று, கொடுத்தது ஒன்று என்ற விலகல். ஆர்டரே தப்பான அளவுகோலில் எழுதப்பட்டிருந்தால்? டாஷ்போர்டு 100 சதவீதம் என்று காட்டும்.

கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் கால்வெர்ட் கொடுத்த சூத்திரத்தில்தான் உலகம் முழுக்கக் கணக்கிடுகிறார்கள். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தோடு 25 கூட்டி, வேண்டிய ஏ.யூ.சி. அளவால் (ரத்தத்தில் மருந்து மொத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்) பெருக்கினால் மில்லிகிராம் வரும். வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளக்கும் இடம் குறைவு. தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவை வைத்து காக்கிராஃப்ட்-கால்ட் முறையில் மதிப்பிடுவார்கள்.

65 வயது, 48 கிலோ, ஒரு பெண். மெலிந்த உடம்பு, தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் 0.4தான். ஒரு மென்பொருள் 0.4-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும். வேகம் நிமிடத்துக்கு 106 மில்லிலிட்டர் என்று வரும். ஏ.யூ.சி. 5 என்றால் டோஸ் ஏறக்குறைய 655 மில்லிகிராம். இன்னொரு மென்பொருளில் 'கிரியேட்டினின் 0.7-க்குக் கீழே இருந்தால் 0.7 என்றே எடுத்துக்கொள்' என்று யாரோ எப்போதோ ஓர் அமைப்பு வைத்திருப்பார்கள். இப்போது வேகம் 61, டோஸ் ஏறக்குறைய 430. அதே பெண், அதே ரத்தம், அதே நாள். 225 மில்லிகிராம் வித்தியாசம்! இரண்டு இடத்திலும் ஆர்டரும் கொடுத்ததும் ஒன்றே, இரண்டு டாஷ்போர்டும் பச்சை. வேகத்தைக் கூடுதலாக மதிப்பிட்டு டோஸ் ஏறிவிடாமலிருக்க 2010-ல் அமெரிக்காவில், மதிப்பிட்ட வேகம் எவ்வளவு வந்தாலும் கணக்குக்கு 125-ஐத் தாண்ட வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்த இரண்டு சம்பவங்களை இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ல் சிட்னியில் வெளியே வந்தது: தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 70-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகக் கணக்கு எதுவும் போடாமல், ஒரே மாதிரியாக 100 மில்லிகிராம் கார்போபிளாட்டின் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளில் நடந்த பிழை இல்லை, வருடக்கணக்கில் அப்படியே போயிருக்கிறது. ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே திரையில் வரிசையாகப் போட்டால் 100, 100, 100 என்று குழந்தைக்கும் கண்ணில் படும்.

இன்னொன்று அடிலெய்டில், 2014-15. சைட்டரபின் என்ற கீமோ மருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை கொடுக்க வேண்டியது. புரோட்டோகால் ஆவணத்திலேயே ஒரு வேளை என்று தவறாகப் பதிவாகிவிட்டது. ரத்தப் புற்றுநோயாளிகள் 10 பேருக்குப் பாதி மருந்துதான் போனது. அங்கே யாருமே புரோட்டோகாலிலிருந்து விலகவில்லை.

புள்ளிக்கோலம்

மணி சார், அடிலெய்டு உதாரணத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விலகலை மட்டும் அளக்கும் கருவியால் அதைப் பிடிக்கவே முடியாது. ஒரு மருத்துவமனையின் டோஸை மற்ற மருத்துவமனைகளோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு எல்லோரும் ஒரே மாதிரி பதிய வேண்டும்.

நிழற்கதிர்

ஒரே மாதிரி பதிவது பற்றிக் கதிர்வீச்சுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் மருத்துவ இயற்பியலர். பழைய திட்டங்களிலிருந்து இதயத்துக்குப் போன சராசரி டோஸை எடுத்துத் தாருங்கள் என்று ஒரு முறை கேட்டார்கள். கணினியில் தேடினால் இதயம் என்ற உறுப்புக்கு ஒன்பது பெயர். ஹார்ட், ஹார்ட்1, ஹார்ட் நியூ, ஹார்ட் ஃபைனல், ஹார்ட் ஃபைனல்2... வரைந்தவர் மனசுக்குத் தோன்றியதை வைத்திருக்கிறார். ஒரு வாரம் பெயரைச் சரி செய்வதிலேயே போனது. அமெரிக்க மருத்துவ இயற்பியலர் சங்கம் 2018-ல் பெயர்களுக்கு ஒரு பொது விதி வெளியிட்டது. நாங்கள் அதற்கு மாறினோம். இப்போது அதே கேள்விக்குப் பதில் பத்து நிமிடத்தில் வருகிறது.

இந்த வேறுபாடு காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், கதிர்வீச்சுத் திட்டங்களை எல்லாம் ஒரு குழு பிறகு உட்கார்ந்து சரிபார்த்தது. 2010-ல் வந்த முடிவு: புரோட்டோகாலின்படி இல்லாமல் கடுமையான குறை இருந்த திட்டங்களின்படி சிகிச்சை பெற்றவர்களில் இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 50 சதவீதம், சரியான திட்டம் பெற்றவர்களில் 70 சதவீதம். அந்த ஆய்வு ஒரு புது மருந்தைச் சோதிக்க நடந்தது. மருந்தால் வந்த வித்தியாசத்தைவிடத் திட்டத்தின் தரத்தால் வந்த வித்தியாசம் பெரியது. குறைவான நோயாளிகளைச் சேர்த்த மையங்களில்தான் குறையுள்ள திட்டங்கள் அதிகம்.

நாள் விஷயமும் எங்களுக்கு உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோயில் மொத்தக் கதிர்வீச்சுக் காலம் ஒரு நாள் நீண்டால் கட்டியை அடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதமோ கொஞ்சம் கூடுதலோ குறையும். இயந்திரம் பழுது, விடுமுறை, நோயாளி வரவில்லை, எதுவானாலும் கட்டிக்குத் தெரியாது. எங்கள் திரையில் நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் 'இன்றுவரை விட்டுப்போன நாள்' என்று ஒரே ஓர் எண் இருக்கிறது. அது இரண்டானால் அன்று மாலையே சனிக்கிழமை ஒரு முறை கொடுக்கலாமா, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு கொடுக்கலாமா என்று பேசிவிடுவோம். நான் பார்த்த டிஜிட்டல் கருவிகளிலேயே அதிகம் உதவியது அந்த ஓர் எண்தான். மாதக் கடைசியில் வரும் அறிக்கையால் போன நாளைத் திருப்ப முடியாது.

கடைசி பெஞ்ச்

நிழற்கதிர் அண்ணா சொன்ன எண் பிடித்திருக்கிறது. அது யாரையும் குற்றம் சொல்லவில்லை, அன்றைக்கே ஏதாவது செய்ய வைக்கிறது.

ஊதா மை மேடம், காரணக் கட்டம் வைக்கிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். நாற்பது காரணம் உள்ள நீளப் பட்டியல் வேண்டாம். வெளிநோயாளிப் பிரிவில் அறுபது பேர் காத்திருக்கும்போது எல்லோரும் முதலில் இருப்பதையோ 'மற்றவை' என்பதையோ அழுத்திவிட்டுப் போய்விடுவோம். நானும் செய்திருக்கிறேன். ஐந்தாறு காரணமும் ஒரு வரி எழுத இடமும் இருந்தால் போதும். டோஸை மாற்றுகிறவரே அந்த நொடியில் எழுத வேண்டும். பத்து நாள் கழித்துத் தரவுப் பிரிவிலிருந்து போன் செய்து கேட்டால் எனக்கே ஞாபகம் இருக்காது.

நோட்டுப்புத்தகம்

அம்மாவின் சிகிச்சை முழுவதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தவன் நான். எந்தத் தேதியில் எந்தச் சோதனை, எப்போது முடிவு வந்தது, எல்லாம். பயாப்சி முடிவு வந்த நாளிலிருந்து அறுவை சிகிச்சைவரை எங்களுக்கு 71 நாள். ஸ்கேனுக்கு வரிசை, மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் ட்யூமர் போர்டில் ஒரு வாரம் தள்ளிப்போனது, அறுவை அரங்கில் இடம் இல்லை. ஒவ்வொன்றும் சின்னத் தாமதம்தான்.

அப்புறம் கணினியில் அம்மாவின் சிகிச்சைச் சுருக்கம் கொடுத்தார்கள். 'புரோட்டோகால்படி சிகிச்சை, தாமதம் இல்லை' என்று இருந்தது. அந்த மென்பொருளில் கடிகாரம் அறுவை சிகிச்சை நாளில்தான் தொடங்குகிறது! அதற்கு முந்தைய 71 நாளும் எங்கேயும் இல்லை, என் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

2020-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் பல புற்றுநோய்களைச் சேர்த்து ஒரு பகுப்பாய்வு வந்தது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று அதில் சொன்னார்கள். அதைப் படித்த இரவு தூங்கவில்லை. தயவுசெய்து கடிகாரத்தைப் பயாப்சி நாளிலிருந்து ஓட விடுங்கள்.

புள்ளிக்கோலம்

நோட்டுப்புத்தகம் தம்பி, உங்கள் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அவர் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது மேடம். பயாப்சி செய்துவிட்டுச் சிகிச்சைக்கே வராமல் போனவர்கள் கீமோ மென்பொருளில் இருக்க மாட்டார்கள். பயாப்சியைச் சோதிக்கும் நோய்க்கூறியல் பிரிவின் பட்டியலிலிருந்து தொடங்கினால் அவர்களும் கணக்கில் வருவார்கள். இன்னொன்று, ஸ்டேஜை ஒப்பிடும்போது பெட் ஸ்கேன் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் கலக்காதீர்கள். மற்ற ஸ்கேனில் தெரியாத பரவல் பெட் ஸ்கேனில் பிடிபட்டு மூன்றாம் ஸ்டேஜில் இருந்தவர் நாலுக்குப் போவார். மூன்றில் மோசமானவர் குறைந்ததால் மூன்றின் முடிவு மேம்படும். நாலில் ஒப்பீட்டளவில் நல்ல நிலையில் உள்ளவர் சேர்ந்ததால் நாலின் முடிவும் மேம்படும். யாருக்கும் ஒரு நாள்கூட ஆயுள் கூடியிருக்காது.

ஊதா மை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, உங்கள் பதில்களை அச்செடுத்துத்தான் கூட்டத்துக்குப் போனேன்.

மருத்துவர்வாரியான நிறத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டார்கள். சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளிக்கோலம் சார் சொன்ன 20 நோயாளி கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். முதல் திரையில் நோயாளிக்கு ஒரு வரி: பயாப்சி நாள், நோக்கம், திட்டமிட்ட சைக்கிள், முடித்த சைக்கிள், டோஸ் செறிவு, விட்டுப்போன நாள். டோஸை மாற்றினால் ஆறு காரணமும் ஒரு வரி இடமும் திறக்கும். பக்லிடாக்சல் பெறுகிறவர்களுக்கு வாராவாரம் போகும் கேள்விகளில் முதல் கேள்வி பொத்தான் போட முடிகிறதா என்பது. மீண்டவள் அக்கா, அது உங்கள் கேள்வி. நான்கு பேர் இதுவரை 'சிரமம்' என்று அழுத்தியிருக்கிறார்கள். நான்கு பேரையும் அன்றைக்கே நர்ஸ் கூப்பிட்டுப் பேசினார்.

அந்த இரண்டு மருத்துவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பெயர் இல்லாத பட்டியலைக் காட்டினோம். தன்னுடையது எது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. நாலு சைக்கிளோடு நின்றவர்களின் கோப்புகளை மட்டும் எடுத்துத் தரும்படி இரண்டாமவர் கேட்டார். முதலாமவர் தன் பட்டியலில் இரண்டு பேரைக் காட்டி, "இவர்களுக்கு நான் குறைத்திருக்க வேண்டியதில்லை, பழக்கத்தில் குறைத்துவிட்டேன்" என்றார்.

மணி சார், நீங்கள் சொன்ன கிரியேட்டினின் அமைப்பையும் போய்ப் பார்த்தேன். பகல்நேரக் கீமோ பிரிவில் 0.7 என்று வைத்திருக்கிறார்கள். உள்நோயாளிப் பிரிவில் அப்படி எதுவும் இல்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரு மாடி வித்தியாசத்தில் இருக்கின்றன. எப்போதிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை இரண்டு பிரிவு மருந்தாளர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்த வருடம் கார்போபிளாட்டின் பெற்றவர்களின் பட்டியலை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.